மலையில் இருந்தபடியே கடலை அச்செடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் சித்திரம் கற்பிக்கிறேன். சனிக்கிழமை காலையில் பிள்ளைகளும், கொழுந்து மலைக்குப் போகாத நாளென்றால் சில அம்மாமாரும் வருவார்கள். வெங்காய வலை, காலிப் பால் பெட்டி, தேய்ந்துபோன பாட்டா செருப்பு என்று வீட்டில் எறியக் கிடந்ததை வைத்துக் கடற்கரைப் படங்களை அச்செடுக்கிறோம். வந்தவர்களும், வேறு பாடசாலை ஆசிரியர்களும், "அங்கே என்னதான் நடக்கிறது" என்று வாசலில் நின்று பார்ப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை.

மோனோபிரிண்ட் என்றால் என்ன?

வழுவழுப்பான தகடு ஒன்றில் மையைத் தடவுகிறோம். அந்த மையில் கீறியோ துடைத்தோ படம் செய்கிறோம். மேலே கடதாசியை வைத்துத் தேய்த்து உரித்தெடுத்தால் படம் கடதாசிக்கு வந்துவிடும். தகட்டிலிருந்த மையில் பெரும்பகுதி கடதாசியோடு போய்விடுவதால் அதே படத்தை இரண்டாம் தடவை எடுக்க முடியாது. தபாற்கந்தோர் முத்திரை நாள் முழுக்க ஒரே மாதிரி குத்தும். இது ஒரு தடவைதான். அதனால் நான் ஒற்றை அச்சு என்று சொல்கிறேன்.

நுணுக்கமாகப் பேசுகிறவர்கள் மோனோடைப், மோனோபிரிண்ட் என்று இரண்டாகப் பிரிப்பார்கள். வெறுந்தகட்டில் மையால் மட்டும் செய்தால் முதலாவது. தகட்டில் கீறலோ ஒட்டிய பொருளோ நிலையாக இருக்க, ஒவ்வொரு தடவையும் மையை வேறு விதமாகப் பூசி எடுத்தால் இரண்டாவது. எங்கள் மேசையில் இரண்டும் கலந்துதான் நடக்கின்றன, யாருக்கும் நட்டமில்லை. ஜெனோவாவில் பிறந்த காஸ்திலியோனே என்ற ஓவியர் 1640களில் செய்தவற்றை இந்த முறையின் தொடக்கமாகக் கொள்கிறார்கள். ஜெனோவா துறைமுக நகரம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடுவதில்லை.

மலையில் இருந்துகொண்டு ஏன் கடற்கரை? தேயிலையை வரையக்கூடாதா?

வரையலாம். வரைந்து வரைந்து அலுத்துப் போனதால்தான் இது. சித்திரப் போட்டி என்றால் கூடை சுமந்த பெண், பின்னால் மலை, மூலையில் சூரியன். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு போடுவார்கள். கைக்குப் பழகிப்போன அந்தப் படத்திலிருந்து கையை வெளியே இழுக்க எனக்கு ஏதாவது தேவைப்பட்டது.

ஆனால் கடல் நமக்கு அந்நியமான விஷயமும் இல்லை. பொகவந்தலாவையில் பெய்யும் மழை கெஹெல்கமு ஓயா வழியாகக் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு இறங்கி, களனி கங்கையாகிக் கொழும்பில் கடலைச் சேர்கிறது. தலவாக்கலையில் பெய்வது கொத்மலை ஓயாவோடு போய் மகாவலியில் கலக்கிறது. 335 கிலோமீற்றர் நீளமான அந்த ஆறு திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் முடிகிறது. பஸ்ஸில் காலையில் போய் மாலையில் திரும்பக்கூடிய இரண்டு ஊர்கள். அவற்றின் தண்ணீரோ தீவின் இரண்டு பக்கத்துக் கடல்களுக்குப் போகிறது. வகுப்பின் முதல் நாளில் பலகையில் வரைவது இந்த வரைபடத்தைத்தான். பீலியில் பிடிக்கும் தண்ணீர் எந்தக் கரைக்குப் போகிறது என்று ஒவ்வொரு பிள்ளையும் கண்டுபிடிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. தோட்ட வேலைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோரில் பெரும்பாலோர் இறங்கியது மன்னார்க் கரையில். அங்கிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். 1823 இல் தொடங்கியதாகக் கணக்கிடப்படும் அந்த வருகையின் 200 ஆண்டு நினைவாக 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணமும் நடந்தது. நமக்கு முதல் மண்ணாக இருந்தது கடற்கரை மணல்தான்.

கடலையே பார்க்காத பிள்ளை எதை வரையும்?

பார்த்தவர்களைவிட நன்றாக வரையும் என்று சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். பார்த்த பிள்ளை தென்னை மரத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, நடுவில் படகை வைத்து, நாட்காட்டிப் படத்தைப் போட்டுவிடும். பார்க்காத பிள்ளை கேட்கும்: "சேர், அலை கரைக்கு வந்த பிறகு எங்கே போகும்?" அந்தக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கலாம்.

பிரெஞ்சு ஓவியர் தேகா முந்நூறுக்கு மேற்பட்ட மோனோடைப்களைச் செய்தவர். 1890 இல் பர்கண்டிப் பகுதியூடாகக் குதிரை வண்டியில் போய்வந்தவர், வழியில் கண்ட நிலக்காட்சிகளைப் பிறகு நினைவிலிருந்து அச்செடுத்தார். மலையா மேகமா என்று பிரித்தறிய முடியாத படங்கள். இந்த முறைக்கு அப்படிப்பட்ட அரைகுறை நினைவு போதும்.

எங்கள் வகுப்பில் நினைவுகள் மூன்று வகை. கொழும்பில் கடையில் வேலை செய்யும் அண்ணன் காலிமுகத்திடலில் நின்று அனுப்பிய கைபேசிப் படம் ஒன்று. கோணேஸ்வரம் போன குடும்பப் பயணம் இன்னொன்று. அதில் கடலைவிட வான் வண்டியில் வாந்தியெடுத்ததுதான் அதிகம் நினைவிருக்கிறது. மூன்றாவது பாட்டிமாருடையது. இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் தலைமன்னாரில்தான் கப்பலேறினார்கள். பேத்தியைக் கூட்டிவந்த ஓர் அம்மாயி, தன் அக்காவை வழியனுப்ப அந்த இறங்குதுறைவரை ரயிலில் போயிருக்கிறார். கடல் எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, கடலை யார் பார்த்தது, கப்பலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றார். பிறகு பேத்தியின் தகட்டை வாங்கினார். முழுக்கக் கறுப்பு மை பூசியிருந்த தகட்டில் பெருவிரலால் குறுக்கே ஒரே ஒரு கோடு துடைத்தார். அதை அச்செடுத்து வைத்திருக்கிறோம்.

என்னென்ன சேர்த்து வைக்க வேண்டும்?

தகட்டுக்கு: பழைய எக்ஸ்ரே படச்சுருள், பிளாஸ்டிக் பைல் உறை, பிஸ்கட் டின் மூடி, உடையாத தரை ஓடு. கண்ணாடி மிக நல்லது. ஆனால் ஓரம் நான்கையும் தடித்த டேப்பால் இரண்டு சுற்றுச் சுற்றாமல் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

தேய்க்க: சிரட்டை அகப்பை. இதைப் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானியர் மரச்செதுக்கு அச்சுக்கு மூங்கில் உறை சுற்றிய வட்டத் தேய்ப்பான் ஒன்றை வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டில் வாங்கினால் விலை தலையைச் சுற்றும். நம் அடுப்படியில் பல வருடம் குழம்பு கிண்டி வழுவழுத்த அகப்பையின் முதுகு அந்த வேலையை அருமையாகச் செய்கிறது. காம்பு ஆடிப்போனதாக இருந்தால் இன்னும் நல்லது. சிரட்டையைக் கழற்றி உள்ளங்கையில் பிடித்துக்கொள்ளலாம்.

கடதாசிக்கு: சித்திரக் கொப்பித் தாள், ஒரு பக்கம் அச்சான பரீட்சைத் தாளின் மறுபக்கம், தேயிலைப் பொதியிடும் பழுப்புக் கடதாசிச் சாக்கின் உள் அடுக்கு. இந்தச் சாக்குக் கடதாசி உறுதியானது, ஈரத்தில் கிழியாது. தேயிலை ஸ்டோரில் கிழிந்த சாக்கு கிடக்கும். கேட்டு வாங்குங்கள், கேட்காமல் எடுக்காதீர்கள்.

மற்றபடி அலுமினியம் பூசிய பால்மா பைக்கற்று, நெளி அட்டைப்பெட்டி, வெங்காய வலை, பழைய பெனியன், ரீலோட் அட்டை, நூல், றெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்) துண்டு. றெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டிக்கு 2017 இல் தடை வந்தாலும் தொலைக்காட்சிப் பெட்டியோடு வருவது இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

ரோலர் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

வேண்டாம். ஒன்றரை அங்குல பிவிசி குழாயில் ஒரு சாண் வெட்டி, அதன் மேல் பழைய சைக்கிள் டியூபை இழுத்துப் போர்த்துங்கள். உள்ளே ஒரு தடியைச் செருகினால் உருளும். டியூப் சுருங்காமல் இறுக்கமாக இருப்பது முக்கியம். சுருக்கம் இருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வரி விழும். அதுவும் முடியாவிட்டால் பஞ்சைப் பெனியன் துணியில் வைத்துக் கட்டிய பொட்டலத்தால் ஒற்றி ஒற்றிப் பூசுங்கள். ஒற்றிப் பூசிய வானம் மூடுபனி போலவே வரும்.

எந்த வர்ணம் சரி?

போஸ்டர் வர்ணத்தை அப்படியே பூசினால் தகட்டில் திட்டுத்திட்டாக நின்று காய்ந்துவிடும். ஒரு பங்கு கோதுமை மாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர் விட்டுக் கட்டி விழாமல் காய்ச்சி, ஆறியதும் கூழ்ப்பதத்தில் இருக்கும் பசையில் பாதிக்குப் பாதி வர்ணத்தைக் கலக்குங்கள். பாமசியில் கிடைக்கும் கிளிசரினில் சில துளிகள் விட்டால் இன்னும் மெதுவாகக் காயும். பசையை அன்றன்றைக்கே காய்ச்ச வேண்டும். மூன்றாம் நாள் நாற்றம் எடுக்கும்.

அக்ரிலிக் சமவெளியில் வேலை செய்பவர்களைப் பாடாய்ப்படுத்தும், அவ்வளவு வேகமாகக் காய்ந்துவிடும். இங்கே குளிரும் ஈரமும் நமக்கு உதவி. காலை ஏழரை மணிக்கு நுவரெலியாவில் அக்ரிலிக் பூசிப் பாருங்கள், கொழும்பில் கிடைக்காத நேரம் கிடைக்கும்.

பெரியவர்களுக்கு நான் சொல்வது அச்சக மை, அதாவது எண்ணெய் மை. நகரத்து அச்சகத்தில் டின்னின் அடியில் மிஞ்சிய ஆஃப்செட் மையைக் கேட்டால் பெரும்பாலும் சும்மாவே கொடுப்பார்கள். துடைத்துப் படம் செய்வதற்கு அதைவிட நல்லது கிடையாது. கழுவுவதற்கு மண்ணெண்ணெய் வேண்டாம். கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்து, பிறகு சவர்க்காரம்.

முதல் அச்சை எப்படி எடுப்பது?

மை எவ்வளவு என்பதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். தகட்டின் மேல் மை தோடம்பழத் தோல் போலப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அதிகம். ரோலர் உருளும்போது "சர்ர்" என்று மெல்லிய சத்தம் வர வேண்டும். சேற்றில் கால் வைத்த சத்தம் வந்தால் வழித்தெடுங்கள்.

எண்ணெய் மை என்றால் கடதாசியை முன்கூட்டியே ஈரப்படுத்த வேண்டும். ஈரப் பஞ்சால் இரு பக்கமும் துடைத்து, அடுக்கி, பொலித்தீன் பைக்குள் அரை மணிநேரம் வைத்திருந்து, எடுக்கும்போது பழைய பத்திரிகையில் ஒற்றுங்கள். தொட்டால் குளிர வேண்டும், மினுங்கக்கூடாது. ஆடி மாதத்தில் இந்தப் படி தேவையே இல்லை. அலுமாரிக்குள் இருக்கும் கடதாசியே அந்தப் பதத்தில்தான் இருக்கும்.

கடதாசியை ஓரமாகப் பிடித்து மெல்ல இறக்கி வைத்து, நடுவிலிருந்து வெளியே அகப்பையால் தேயுங்கள். ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பார்க்கலாம். போதவில்லையென்றால் திரும்பப் படுக்கவைத்து இன்னும் கொஞ்சம் தேய்க்கலாம். முழுதாக உரித்துவிட்டுத் திரும்ப வைத்தால் இரண்டு கடல் வரும்.

கடல் மாதிரித் தெரிய என்ன செய்வது?

இங்கேதான் எனக்குப் பேச்சு நீளும். கடலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் மலையில் ஓர் ஆள் இருக்கிறது.

மீன்வலைக்கு வெங்காய வலை. மை பூசிய தகட்டின் மேல் அதை விரித்து, அதன் மேல் கடதாசியை வைத்துத் தேய்த்தால் வலை வெள்ளைக் கோடாக வரும். பிறகு வலையை எடுத்துவிட்டு வேறொரு கடதாசியால் தேய்த்தால் வலை பதிந்த தடம் கறுப்பாக வரும். கரைவலை இழுப்பதைக் காட்ட வேண்டுமென்றால் வலையை நேராக விரிக்காமல் ஒரு பக்கம் கசக்கிக் குவியுங்கள்.

கடல் ஈரமணலில் விட்டுப்போகும் வரிகளுக்கு நெளி அட்டை. மேல் தாளை நனைத்து உரித்தால் உள்ளே மேடும் பள்ளமும் தெரியும். அதன் மேல் மை தடவி முத்திரை போலப் பதிக்கலாம். தரமான பெட்டி வேண்டாம். நனைந்து நைந்த பெட்டியின் வரிகள் ஒழுங்கில்லாமல் இருக்கும், மணலும் அப்படித்தான்.

கடற்பாசிக்குப் பன்னம். கானோரம் முளைக்கும் எந்தப் பன்னத்தையும் ஒரு நாள் புத்தகத்துக்குள் அழுத்தி வைத்து, பிறகு மை பூசி அச்செடுங்கள். தலைகீழாகத் தொங்கவிட்டால் செடி. மேல்நோக்கி வளைத்தால் நீருக்குள் அசையும் பாசி. தேயிலைக்கு நிழலாக நிற்கும் கிரெவில்லியாவின் இலையும் இதற்கு ஏற்றது. அதன் பின்பக்கத்தில்தான் நரம்புகள் எடுப்பாக இருக்கும்.

நுரைக்குக் கிழித்த பத்திரிகை. வெட்டக்கூடாது, கிழிக்க வேண்டும். கையால் மெல்லக் கிழித்த ஓரத்தைத் தகட்டின் மேல் வைத்து மறைத்து அச்செடுத்தால், அந்த இடம் வெள்ளையாக, பிசிறு பிசிறாக வரும். முதல் வகுப்பில் ஒரு பையன் வழக்கப்படி மலைத்தொடரைத்தான் கிழித்தான். தகட்டில் வைக்கும்போது தலைகீழாகப் போய்விட்டது. அச்சில் வந்தது மலையே அல்ல, கரையில் வழிந்து நிற்கும் அலை. அன்றிலிருந்து எல்லோரிடமும் முதலில் மலையைக் கிழிக்கச் சொல்கிறேன்.

தூவானத்துக்குத் தண்ணீர். நீர் வர்ணம் பூசிய தகட்டின் மேல் விரலால் தண்ணீரைத் தெளித்து அரை நிமிடம் விட்டால், துளி விழுந்த இடத்தில் வர்ணம் விலகி வட்டம் வட்டமாக வெளுக்கும். மணலுக்குத் தூள் தேயிலை. மிகக் கொஞ்சமாகத் தூவுங்கள், சாயத்துக்குப் போடும் அளவு போட்டால் கடதாசி ஒட்டாது. படகுக்கு, பறவைக்கு, மீனுக்குப் பாட்டா செருப்பு. அடிப்பாகத்தைப் பிளேட்டால் வெட்டுவது பெரியவர்கள் வேலை. அலையை வரிவரியாகச் சீவ ரீலோட் அட்டையின் ஓரத்தைச் சீப்பு மாதிரி நறுக்கிக்கொள்ளுங்கள்.

துளையிடும் கருவியிலிருந்து உதிரும் வட்டக் கடதாசித் துண்டுகளையும் நாங்கள் எறிவதில்லை. 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றியபோது அதிலிருந்த சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் குறுணைகள் கடலில் கலந்து மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின. அதைப் படமாக்க நினைத்த மாணவி ஒருத்தி வட்டத் துண்டுகளைக் கை நிறைய அள்ளித் தகட்டின் மேல் கொட்டினாள். ஒவ்வொன்றும் மறைத்த இடம் வெள்ளைப் புள்ளி. கரைக்கு ஓர் இடமும் மிச்சமில்லை.

நீல நிறத்தை ஏன் ஒளித்து வைக்கிறீர்கள்?

நீலப் போத்தல் மேசையில் இருந்தால் வேறு எதையும் தொடமாட்டார்கள். அதனால் முதல் மூன்று வாரம் அலுமாரிக்குள் பூட்டி வைக்கிறேன். மழை நேரத்துக் கடல் சாம்பல் நிறம். ஆற்றுமுகத்தில் அது பால் தேநீர் நிறம். இவை இரண்டும் நம்மிடம் இருக்கின்றன.

குடித்து முடித்த தேயிலைச் சக்கையைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டி, கடதாசியை அதில் முக்கிக் காயவைத்தால் ஈரமணல் நிறம். அதே சாயத்தில் துருப்பிடித்த ஆணிகளை இரண்டு நாள் போட்டு வையுங்கள். தேயிலையின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்து சாயம் கருஞ்சாம்பலாக மாறும். தூரிகையால் வானத்தில் இழுத்தால் மழை வரும் கடல். இந்தக் கறுப்பு உடுப்பில் பட்டால் போகாது. வெள்ளைப் பாடசாலைச் சீருடையோடு வந்தவர்களை அன்று தூர நிறுத்துகிறேன்.

படம் இடம் வலமாக மாறிவிடுகிறதே?

மாறத்தான் செய்யும். படகின் பெயரை எழுத விரும்பினால் முதலில் தாளில் எழுதி, தாளைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பின்பக்கம் தெரிவதைப் பாருங்கள். அதைக் கண்ணாடித் தகட்டின் அடியில் வைத்து மேலே எழுதலாம். ழகரத்தைத் திருப்பி எழுதும்போது பெரியவர்களுக்கும் நாக்கு வெளியே வந்துவிடும்.

இரண்டாவது பிரதி மங்கலாக வருகிறது. எறிந்துவிடலாமா?

தயவுசெய்து எறியாதீர்கள். முதல் அச்சு போன பிறகு தகட்டில் ஒட்டியிருக்கும் மிச்ச மையில் எடுக்கும் பிரதியை ஆங்கிலத்தில் கோஸ்ட் பிரிண்ட் என்பார்கள். பேய் அச்சு என்று மொழிபெயர்த்தால் பிள்ளைகள் வேலை செய்யாமல் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால் மங்கல் பிரதி.

என் கருத்தில் பத்துக்கு ஏழு தடவை இதுதான் நல்ல படம். முதல் பிரதியில் எல்லாம் உரத்துப் பேசும். மங்கல் பிரதியில் கரையும் வானமும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து, காலை ஆறு மணிக்கு லயத்து வாசலில் நின்றால் எதிர்மலை தெரிவதுபோலத் தெரியும். அம்மாயி துடைத்த கோட்டுக்கும் ஒரு மங்கல் பிரதி உண்டு. முதலாவதைவிட அதைத்தான் அவர் வீட்டுக்குக் கொண்டுபோனார். மை காய்வதற்குள், அதாவது நீர் வர்ணமென்றால் முதல் பிரதியை உரித்த ஒன்றிரண்டு நிமிடத்துக்குள், ஈரக் கடதாசியில் அழுத்தித் தேய்த்து எடுக்க வேண்டும். காய்ந்த பிறகு அதன் மேலேயே வேறு நிறத்தில் இரண்டாம் தடவை அச்செடுக்கலாம்.

ஜெலட்டின் தகடு வீட்டில் செய்யலாமா?

செய்யலாம், மலைநாட்டில் அது இன்னும் சுலபம். ஒரு கோப்பைத் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி வாசனையற்ற ஜெலட்டின். முதலில் கொஞ்சம் குளிர்நீரில் ஊறவைத்து, மிச்சத்தைக் கொதிநீராக ஊற்றிக் கரைத்து, நுரையைப் பத்திரிகைக் கீற்றால் வழித்தெடுத்து, தட்டையான தட்டில் அரை அங்குல உயரத்துக்கு ஊற்றி அசையாமல் வையுங்கள். சமவெளியில் குளிர்சாதனப்பெட்டி இல்லாமல் இது இளகிவிடும். இங்கே வெளியிலேயே இறுகும், சில நாள் தாங்கும். பூஞ்சணம் பிடித்தால் எறிந்துவிடுங்கள். இந்தத் தகட்டில் நீர் வர்ணம்தான் பூச வேண்டும். கை அழுத்தமே போதும், அகப்பை வேண்டாம்.

ஜெலட்டின் மாட்டு அல்லது பன்றி எலும்பிலும் தோலிலும் இருந்து எடுப்பது. சில வீடுகளில் இதைத் தொடமாட்டார்கள். எனவே முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாற்றாகக் கடற்பாசி, நோன்பு காலத்தில் இனிப்புச் செய்ய விற்பது, உதவும். சீக்கிரம் உடையும், ஓரம் நொறுங்கும். உடைந்த துண்டுகளை எங்கள் பிள்ளைகள் சேர்த்து வைத்துப் பாறைகளாக அச்செடுத்தார்கள்.

பால் பெட்டியில் கீறி அச்செடுப்பது எப்படி?

பெட்டியைப் பிரித்துக் கழுவி, வெள்ளிப் பக்கம் மேலாக வைத்து, ஊசியால் கீறுங்கள். கீறலுக்குள் எண்ணெய் மை தங்கும். மேற்பரப்பைப் பழைய பெனியனால் துடைத்துவிடலாம். கருமையாக வேண்டிய இடத்தில் வெள்ளித் தோலைப் பிளேட்டால் மெல்ல உரித்தெடுத்தால் உள்ளேயிருக்கும் அட்டை மையைக் குடிக்கும். ஒவ்வொரு தடவையும் வேறு விதமாகத் துடைத்தால் ஒரே பெட்டியில் காலைக் கடல், மாலைக் கடல், புயலுக்கு முந்திய கடல்.

இதற்கு அழுத்தம் நிறைய வேண்டும். அச்சு இயந்திரம் இல்லாததால் தகடு, ஈரக் கடதாசி, மடித்த துணி, பலகை என்று அடுக்கி மேலே ஏறி நிற்கிறோம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் ஒரு அதிபருக்குச் சமம். பரிசோதித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

துடைக்காமல், நேராகக் கோடு வரைய வழி உண்டா?

உண்டு. எண்ணெய் மையை மிக மெல்லியதாகப் பூசி, கடதாசியைக் கை படாமல் மேலே போட்டு, பின்பக்கத்தில் பென்சிலால் வரையுங்கள். அழுத்திய இடத்தில் மட்டும் மை ஒட்டும். கோடு கம்பளி நூல் போலப் பிசிறோடு வரும். பிரெஞ்சு ஓவியர் கோகன் 1899 அளவில் தாகித்தித் தீவில் இருந்தபோது இதைக் கையாண்டார். உள்ளங்கை பட்ட இடமெல்லாம் அழுக்காகும். அந்த அழுக்கு வானத்துக்கு உதவும்.

மழைக்காலத்தில் காயவே மாட்டேன் என்கிறதே?

ஹட்டன் பக்கம் வைகாசியில் பிடிக்கும் மழை புரட்டாதி வரை விடாது. பதுளைப் பக்கத்தாருக்குக் கார்த்திகை, மார்கழி. அந்த மாதங்களில் எண்ணெய் மை காய ஒரு வாரத்துக்கு மேலும் எடுக்கலாம். அடுப்படிக் கொடியில் மாட்டினால் காயும், கூடவே புகையும் படியும். நான் ஒரு வருடத்து அச்சுகளை அப்படித்தான் மஞ்சளாக்கினேன். இப்போது வகுப்பறைக்குள் நூல் கட்டிக் கிளிப்பில் மாட்டுகிறேன். காய்ந்தபின் நெளிந்திருந்தால் பத்திரிகைகளுக்கு நடுவே வைத்து, மேலே அரிசி மூட்டையை ஏற்றுங்கள்.

கழுவிய தண்ணீரை எங்கே ஊற்றுவது?

பீலியடியிலும் கானிலும் வேண்டாம். முதலில் தகட்டையும் கரண்டியையும் பத்திரிகையால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். வர்ணத்தில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். மிச்சத்தை ஒரு வாளியில் கழுவி, அடியில் தங்கிய மண்டியைப் பத்திரிகையில் ஊறவைத்துக் குப்பையில் போடுகிறோம். கான் எங்கே போகிறது என்பதை முதல் நாளே வரைந்து காட்டியிருப்பதால் பிள்ளைகள் இதில் என்னைவிடக் கண்டிப்பு.

கடற்கரைக்குப் போகும்போது சிப்பி, பவளப்பாறை கொண்டுவரலாமா?

பவளப்பாறையைத் தொடாதீர்கள், அதை உடைத்தெடுப்பது சட்டவிரோதம். வெறும் சிப்பியையும் அங்கேயே விட்டுவிட்டு, அதன் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து வடிவத்தை மட்டும் கொண்டுவாருங்கள். கரையில் ஒதுங்கிய மூடி, நைலோன் கயிறு, பிய்ந்த வலை ஆகியவற்றை எவ்வளவு வேண்டுமானாலும் அள்ளி வரலாம். யாரும் கேட்கமாட்டார்கள், எல்லாம் நன்றாக அச்சாகும்.

எத்தனை வயதிலிருந்து செய்யலாம்?

நான்கு வயதுப் பிள்ளையும் விரலால் துடைக்கும். கண்ணாடி, ஊசி, பிளேட் மூன்றும் பத்து வயதுக்கு மேல், பக்கத்தில் பெரியவர் இருக்கும்போது மட்டும்.

படத்தில் கையெழுத்து எங்கே, எப்படிப் போடுவது?

அச்சுக்குக் கீழே, வெள்ளை ஓரத்தில், பென்சிலால். இடப்பக்கம் 1/1 என்று எழுதுவது வழக்கம். மொத்தமே ஒன்று, அதில் இது முதலாவது என்று பொருள். வலப்பக்கம் பெயரும் ஆண்டும். மங்கல் பிரதிக்கும் தனியாக 1/1 போடுங்கள், அது வேறு படம். நடுவில் தலைப்பு எழுதலாம். "கடற்கரைக் காட்சி" என்று எழுதி வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்; எந்தக் கரை, எந்த நேரம், யார் பார்த்தது என்று எழுத வேண்டும். அம்மாயிக்கு எழுத வராது. பேத்தி எழுதிக் கொடுத்தாள்: தலைமன்னார், மத்தியானம், பெரிய அம்மாயி ஏறிய கப்பல். அதன் கீழே மையில் அவருடைய பெருவிரல் அடையாளம்.